நேர்முகத் தேர்வும் மகளிர் உடையும்

தொழிற்கல்லூரி ஒன்றில் இடம் வேண்டி விண்ணப்பித்த பெண்ணுக்கு நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு வருகிறது. அதில் நாள் குறித்திருக்கும், நேரம் குறித்திருக்கும், கொண்டுவர வேண்டிய சான்றிதழ்களின் வரிசை நீண்டிருக்கும். உடையைப் பற்றி ஒரு சொல்லும் இராது. மிஞ்சினால், 'தகுந்த உடையில் வருக' என்று ஒரு வரி இருக்கும். அந்தத் 'தகுந்த' என்னும் சொல்லுக்கு உரை காண்பதில் வீடே இரண்டுபட்டுப் போகும். பட்டுச் சேலை உடுத்தாமல் நல்ல காரியத்துக்குப் போவதா என்பார் பாட்டி. கோட்டுப் போட்டால்தான் மதிப்பார்கள் என்பான், வெளியூரில் வேலை பார்க்கும் அண்ணன். சுடிதாரே போதும் என்பாள் தோழி. படிப்பதற்கென்று ஒதுக்கி வைத்த இரண்டு நாட்களில் ஒன்று இந்த வாதத்திலேயே கழியும்.

இதைச் சிறு விஷயம் என்று தள்ளுவதற்கில்லை. அரை மதிப்பெண் குறைந்தாலும் இடம் கைநழுவும் காலம் இது. அந்த அரை மதிப்பெண்ணை உடை பறித்துவிடுமோ என்று அஞ்சும் பெண்ணிடம், அறிவே முக்கியம், உடை முக்கியமில்லை என்று உபதேசம் செய்வது எளிது. அதனால் அவளுக்குப் பயன் இல்லை. உடை எங்கே எண்ணப்படுகிறது, ஏன் எண்ணப்படுகிறது, அதற்கு எவ்வளவு தூரம் இணங்கலாம் என்பவற்றை அவளுக்கு எடுத்துச் சொல்வதே உதவி. திருவனந்தபுரத்தை நடுவாக வைத்துக்கொண்டு இப்பொருளை ஆராய்வோம். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று கன்னியாகுமரி மாவட்டம் சென்னை ராஜ்யத்தோடு இணைந்ததாயினும், அம்மாவட்டத்துத் தமிழ்ப் பெண்களுக்கு மேற்படிப்பு என்றால் இன்றும் எட்டும் தொலைவில் உள்ள பெருநகர் திருவனந்தபுரமே என்பது ஒரு காரணம். பெண் எதை உடுத்தலாம் என்று அரசே விளம்பரம் செய்த வரலாறு அந்நகருக்கு உண்டு என்பது மற்றொரு காரணம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தென் திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்கள் மேலாடை உடுத்தும் உரிமைக்காகப் பல ஆண்டுகள் போராடினர். தோள்சீலைக் கலகம் என்று வரலாற்று நூல்கள் குறிக்கும் நிகழ்ச்சி அதுவே. 1859-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 26-ஆம் நாள் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா மகாராஜா ஓர் ஆணை பிறப்பித்தார். அப்பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளலாம் என்று அந்த ஆணை அனுமதித்தது. ஆயினும் உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் முறையில் உடுத்தலாகாது என்று அதே மூச்சில் விலக்கியும் வைத்தது. உடம்பை மறைக்கும் துணியாக மட்டும் இராமல், இன்னார் இன்ன இடத்துக்கு உரியவர் என்று அறிவிக்கும் அடையாளச் சீட்டாகவும் உடை இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை. நேர்முக அறைக்கு வெளியே காத்திருக்கும் பெண்ணின் நெஞ்சில் உள்ள அச்சமும் இதுவே. இவள் இந்த இடத்துக்கு உரியவள் அல்லள் என்று தன் உடையை வைத்து எவரேனும் முடிவு கட்டிவிடுவார்களோ என்றே அவள் அஞ்சுகிறாள்.

உடைக்கு இருந்த வேலி படிப்புக்கும் இருந்தது. மேரி புன்னன் லூக்கோஸ் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் விஞ்ஞானம் படிக்க விரும்பியபோது, பெண் என்ற காரணத்தால் அவருக்கு அப்பாடத்தில் இடம் மறுக்கப்பட்டது. வரலாறு படித்துப் பட்டம் பெற்ற அவர், பின்னர் லண்டன் சென்று வைத்தியம் பயின்று, 1916-இல் திரும்பி வந்து தைக்காட்டு மகளிர் மருத்துவமனையில் பொறுப்பேற்றார். 1938-இல் திருவிதாங்கூரின் சர்ஜன் ஜெனரல் பதவியே அவரைத் தேடி வந்தது. சட்டத்துறையில் அன்னா சாண்டி 1926-இல் பட்டம் பெற்றார். 1959-இல் கேரள உயர்நீதிமன்றத்தின் நீதிபதியானார். நமது நாட்டில் உயர்நீதிமன்ற ஆசனத்தில் அமர்ந்த முதல் பெண்மணி அவரே. திருவனந்தபுரம் சட்டக் கல்லூரியில் படித்த பாத்திமா பீவி 1989-இல் உச்சநீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானார். பிற்காலத்தில் தமிழ்நாட்டின் ஆளுநராகவும் இருந்தார். சேலைத் தலைப்பால் தலையை மூடிய கோலத்திலேயே அவரைப் பலரும் அறிவர். பொறியியலில் கேரளத்துப் பி. கே. திரேசியா 1940-களில் சென்னைக்குச் சென்று கிண்டிக் கல்லூரியில் சேர்ந்தார். அந்நாளில் அங்கே பட்டம் பெற்ற முதல் பெண்களுக்கு வழங்கிய சான்றிதழில், அச்சாகியிருந்த ஆண்பாற் சொல்லை அடித்துவிட்டுப் பெண்பாற் சொல்லைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள் என்பர். திரேசியா 1971-இல் கேரள மாநிலத்தின் தலைமைப் பொறியாளரானார். இவர்கள் எல்லாரும் சேலை உடுத்திய காலத்தவர்கள். ஆனால் இவர்களைத் தடுத்ததும் சேலை அன்று, உயர்த்தியதும் சேலை அன்று. தேர்வாளர் மனத்தில் ஏற்கெனவே ஒரு படிவம் அச்சாகியிருந்தது. அதில் ஒரு சொல்லை அடித்துத் திருத்த வேண்டியிருந்தது.

அந்தப் படிவம் எவ்வளவு வலிமை உடையது என்பதை நீதிமன்றங்களே கணக்கிட்டுப் பார்த்திருக்கின்றன. மருத்துவக் கல்லூரியிலும் பொறியியற் கல்லூரியிலும் நேர்முகத் தேர்வுக்கு மதிப்பெண் வழங்குவது முறையா என்னும் வினா, ஆர். சித்ரலேகா வழக்கில் 1964-இல் உச்சநீதிமன்றத்தின் முன் வந்தது. மைசூர் ராஜ்யத்தில் நேர்முக மதிப்பெண்ணுக்கு வகுத்திருந்த தலைப்புகளில், 'ஆளுமை' என்பதும் சேர்ந்திருந்தது. முறைதான் என்று அப்போது நீதிமன்றம் கூறியது. ஆறு ஆண்டுகள் கழித்து, 1970-இல், தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை பற்றிய பெரியகருப்பன் வழக்கு வந்தது. மொத்தம் 275 மதிப்பெண்ணில் நேர்முகத்துக்கு மட்டும் 75. அதாவது நான்கில் ஒரு பங்குக்கும் மேல். ஒரு மாணவருக்குக் கிடைத்த நேரமோ சராசரியாக மூன்று நிமிஷம். மூன்று நிமிஷத்தில் ஒருவரின் திறமையை அளப்பது அரிது என்று நீதிமன்றம் கருதியது. 1980-இல் ஸ்ரீநகர்ப் பொறியியற் கல்லூரி பற்றிய அஜய் ஹாசியா வழக்கில், 150-க்கு 50 என்று நேர்முகத்துக்கு ஒதுக்கியதைக் கண்டித்து, 15 விழுக்காட்டுக்கு மேற்படுவது நியாயமாகாது என்று வரம்பும் கட்டியது.

மூன்று நிமிஷம் என்றால் என்ன? கதவைத் திறந்து, வணக்கம் சொல்லி, நாற்காலியில் அமர்வதற்குள் அரை நிமிஷம் போய்விடும். பெயரையும் ஊரையும் கேட்பதில் மற்றோர் அரை நிமிஷம். எஞ்சியதில் இரண்டு வினாக்கள். இத்தகைய தேர்வில் தேர்வாளர் செவியால் அறிந்ததைவிடக் கண்ணால் கண்டதே மிகுதியாக இருக்கும் என்பதில் ஐயமில்லை. நேர்முகத்தின் நேரம் எவ்வளவுக்கு எவ்வளவு குறுகுகிறதோ அவ்வளவுக்கு உடையின் செல்வாக்கு பெருகுகிறது என்று நாம் கொள்ளலாம். ஆகவே பெண்ணின் உடையைக் குறை கூறும் முன், கல்லூரிகள் தம் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வது நலம்.

வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, நீட் தேர்வு அதனையும் தன்னுள் அடக்கும் வரையில், சில நாட்கள் நீடிக்கும் நேர்முகத் தேர்வை நடத்தி வந்தது. மாணவரைக் குழுவாகச் சேர்த்துப் பணிகள் கொடுத்து, அவர்கள் எவ்வாறு செயற்படுகிறார்கள் என்று கவனிப்பது அங்கே வழக்கம். கேரளத்துப் பெண்கள் பெருந்தொகையாய் அதற்குச் சென்று வந்தனர். முதல் நாள் பளபளத்த உடை இரண்டாம் நாள் யார் கண்ணிலும் படாது; வேலை செய்யும்போது இடுப்பில் இழுத்துச் செருகவேண்டாத உடையே அங்கே நல்ல உடை. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகம் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்த முறை வேறு வகையானது. ஒரு மாணவரை ஒரே குழு நீண்ட நேரம் வினவுவதற்குப் பதிலாக, பல அறைகளில் பல தேர்வாளர்கள் தனித்தனியே சிறிது சிறிது நேரம் பார்க்கிறார்கள். ஒருவருக்கு அவளுடைய சேலையின் நிறம் பிடிக்காமற் போனாலும், அந்தப் பிடிக்காமை ஓர் அறையோடு நின்றுவிடும்.

இன்று எம்.பி.பி.எஸ். படிப்புக்கோ பி.டெக். படிப்புக்கோ கேரளத்தில் நேர்முகம் இல்லை. நுழைவுத் தேர்வின் தரவரிசையே இடத்தைத் தீர்மானிக்கிறது. 1951-ஆம் ஆண்டு நவம்பர் 27-ஆம் நாள் ஜவஹர்லால் நேரு திறந்து வைத்த திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியில் சேர, தேர்வாளர் முகத்தை எவரும் பார்க்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டுப் பொறியியற் கலந்தாய்வும் 2018 முதல் இணையவழியே நடைபெறுகிறது. கலந்தாய்வை நேர்முகம் என்று எண்ணி மகளுக்குப் புதுச்சேலை வாங்கிய பெற்றோர் முன்னாளில் பலர் உண்டு. அந்தச் செலவு இப்போது மிச்சம். ஆனால் நேர்முகம் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. கேரளத்து எம்.பி.ஏ. சேர்க்கையில் நுழைவுத் தேர்வுக்கு 80, குழு விவாதத்துக்கு 10, நேர்முகத்துக்கு 10 என்னும் கணக்கு வழக்கில் உள்ளது. காரியவட்டத்தில் உள்ள கேரளப் பல்கலைக்கழக மேலாண்மை நிறுவனத்துக்குச் செல்வோர் இதை அறிவர். சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம் போன்ற இடங்களிலும், ஆராய்ச்சிப் பட்டத்துக்கு ஆள் எடுக்கும் நிறுவனங்களிலும், தேர்வுக்குழுவின் முன் சென்று அமரும் நாள் வருகிறது. நூற்றுக்குப் பத்து என்பது சிறு பங்கே. ஆயினும் மற்றத் தொண்ணூறில் எல்லாரும் நெருங்கி நிற்கும்போது அந்தப் பத்தே ஆளைப் பிரித்துக் காட்டும்.

நேர்முகம் ஒழிந்த இடத்தில் உடைப் பிரச்சினையும் ஒழிந்ததோ என்றால், அதுவும் இல்லை. 2015-இல் அகில இந்திய மருத்துவ நுழைவுத் தேர்வில், உள்சட்டையில் மின்கருவிகளைப் பொருத்தி வந்து மோசடி செய்தது வெளியாகி, உச்சநீதிமன்றம் தேர்வையே ரத்துச் செய்தது. ஜூலை 25 அன்று நடந்த மறுதேர்வுக்குக் கடுமையான உடை விதிகள் வந்தன. திருவனந்தபுரத்தில் ஒரு கன்னியாஸ்திரீ முக்காட்டையும் சிலுவையையும் கழற்ற இசையாததால் தேர்வு எழுத இயலாது திரும்பினார். 2016-இல் கேரள உயர்நீதிமன்றம், மத வழக்கப்படி தலையை மறைப்போர் அரைமணி நேரம் முன்னதாக வந்து பெண் அலுவலரின் சோதனைக்கு உட்பட்டுத் தேர்வு எழுதலாம் என்று வழி காட்டியது. அப்படியும் 2022-இல் கொல்லம் மாவட்டத்து ஆயூரில் நீட் எழுத வந்த மாணவியரை உள்ளாடை களையச் சொன்ன கொடுமை நிகழ்ந்தது. செப்டம்பர் 4 அன்று அவர்களுக்கு மறுதேர்வு நடத்த நேர்ந்தது. நுழைவுத் தேர்வுக்குச் செல்லும் பெண், அந்த ஆண்டின் விதிகளை வரிவரியாகப் படித்துவிட்டு, உலோகக் கொக்கியும் பெரிய பொத்தானும் இல்லாத, அரைக்கை வைத்த மெல்லிய உடையை உடுத்திச் செல்வதே அறிவுடைமை. அதற்குமேல் எவரேனும் கேட்டால், விதியைக் காட்டும்படி எழுத்தில் கேட்க அவளுக்கு உரிமை உண்டு என்பதைப் பெற்றோர் முன்கூட்டியே சொல்லி அனுப்புக.

இனி நேர்முக அறைக்கு வருவோம். எந்த உடை விதியைக் கண்டாலும் நாம் கேட்கவேண்டிய வினா ஒன்று உண்டு: இது எந்த வேலைக்கு உதவுகிறது? அறுவை அரங்கில் முழங்கைக்குக் கீழே துணி இருக்கலாகாது என்பது ஒரு விதி. முழங்கை வரை கழுவிக் கிருமி நீக்க வேண்டியிருப்பதால் அவ்விதி பிறந்தது. 2023 ஜூன் மாதத்தில் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி மாணவியர் எழுவர், தம் சமய வழக்கத்துக்கு ஏற்ப அறுவை அரங்கில் முழுக்கை மேலாடையும் தலைமூடியும் அணிய அனுமதி வேண்டி முதல்வருக்குக் கடிதம் எழுதினர். அது விவாதத்துக்கு உரிய விண்ணப்பம்; ஏனெனில் அங்கே நோயாளியின் உயிர் நடுவில் நிற்கிறது. அதே கல்லூரியில் 2016-இல் ஜீன்ஸும் லெக்கிங்ஸும் ஓசை எழுப்பும் அணிகலனும் கூடா, சேலையோ சுடிதாரோதான் உடுத்த வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. அணிகலனின் ஓசை வார்டில் உறங்கும் நோயாளிக்கு இடைஞ்சல் என்றால் ஒப்புக்கொள்ளலாம். சுடிதாருக்கு உள்ள மருத்துவக் குணம் ஜீன்ஸுக்கு ஏன் இல்லாமற் போயிற்று என்பது நமக்கு விளங்கவில்லை. வேலையின் தேவை வேறு, பழக்கத்தின் விருப்பம் வேறு. முதலாவதற்குத் தயங்காமல் இணங்க வேண்டும். இரண்டாவதற்கு, இடத்தையும் பொழுதையும் நோக்கி, இழப்பில்லாத அளவுக்கு இணங்கினால் போதும்.

நேர்முகத் தேர்வில் பெண் செய்யவேண்டிய வேலை என்ன? நடந்து வரவேண்டும், அமர வேண்டும், வினாவைக் கேட்க வேண்டும், விடை சொல்ல வேண்டும். இந்நான்கிலும் அவள் தன் உடையை மறந்திருக்கக் கூடுமானால் அவ்வுடை தகுந்த உடை. விடை சொல்லும் நடுவே கை தானாகத் தோளுக்குப் போய் முந்தானையை இழுத்து விடுமானால், அது எவ்வளவு விலையுயர்ந்ததாயினும் தகுந்ததாகாது.

சேலை உடுத்திப் பழகாத பெண் அன்றைக்கென்று புதிதாகச் சேலை உடுத்திச் செல்வதை நாம் ஆதரிப்பதில்லை. பத்தொன்பது, இருபது வயதுப் பெண்களில் பலர் ஆண்டுக்கு இரண்டு முறை, கல்லூரி விழாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டுமே சேலை உடுத்துகின்றனர். அவர்கள் மாடிப்படி ஏறும்போதே கொசுவம் காலில் தட்டும். சேலைதான் மரியாதை என்னும் எண்ணம் கேரளத்திலேயே தளர்ந்துவிட்டது. ஆசிரியைகள் சேலையே உடுத்த வேண்டும் என்று வற்புறுத்தலாகாது என 2014-இல் அரசு ஆணை பிறப்பித்தது. 2021-இல் அதை மீண்டும் நினைவூட்டியது. 1970 முதல் நடைமுறையில் இருந்த விதியை மாற்றி, கீழ்நீதிமன்றப் பெண் நீதிபதிகள் சல்வார் கமீஸோ கால்சட்டையோ அணியலாம் என்று 2023-இல் உயர்நீதிமன்றம் இசைந்தது. நீதிபதியின் ஆசனத்துக்கே சல்வார் கமீஸ் பொருந்தும் என்றால் மாணவியின் நாற்காலிக்குப் பொருந்தாமலா போகும்? சேலை உடுத்திப் பழகியவள் தயங்காமல் சேலையே உடுத்துக. கோட்டும் கால்சட்டையும் வழக்கமாக அணிபவள் அவற்றையே அணிக. சட்டக் கல்லூரி நேர்முகத்துக்கு மட்டும் வெள்ளையும் கறுப்புமாய் வக்கீல் கோலத்தில் போவது வேண்டாம். அந்த உடைக்கு உரிமை தேடித்தானே அவள் அங்கே போகிறாள்!

துணி எதுவாக இருக்கலாம்? திருவனந்தபுரத்தின் காற்றில் கடலின் ஈரம் எப்போதும் உண்டு. ஜூன் தொடக்கத்தில் தென்மேற்குப் பருவமழையும், ஐப்பசியில் வடகிழக்கு மழையும் ஆக இரண்டு மழைக்காலம் அந்நகருக்கு. அங்கே பட்டு ஒட்டிக்கொள்ளும். நைலக்ஸ் வகைகள் வேர்வையை வாங்கா. பருத்தியே ஏற்றது. நகருக்குத் தெற்கே நாகர்கோவில் சாலையில் பலராமபுரம் இருக்கிறது. பலராம வர்மா மகாராஜா காலத்தில் தென் தமிழ்ப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய சாலியர் குடும்பங்கள் அங்கே தறி போட்டன. அவ்வூர்க் கைத்தறி இன்று புவிசார் குறியீடு பெற்றது. கசவுக் கரையிட்ட அந்த வெண்மை கேரளத்து மரியாதையின் உருவம் என்றே சொல்லலாம். ஆயினும் நேர்முகத்துக்கு அதை நாம் சிபாரிசு செய்யத் தயங்குகிறோம். மழைக்காலத்தில் ஒரு பஸ் தெருவோரச் செந்நீரை ஒரு முறை வாரி இறைத்தால் போதும். நனைந்தால் அந்த நேர்த்தியான நெசவு உடலைக் காட்டவும் செய்யும். அதே தறியில் நெய்த, சாம்பல், இளநீலம், பாசி போன்ற நிறமுள்ள கனத்த துணி கிடைக்குமானால் மிக நன்று. கஞ்சி அளவாக இருக்கட்டும். அதிகமானால் சேலை கூடாரம்போல் விறைத்து நிற்கும்.

நேர்முகத்துக்கு இரண்டு நாள் முன்னதாக அந்த உடையை உடுத்தி வீட்டில் ஒரு மணிநேரம் இருந்து பார்ப்பது, வாங்குவதைவிட முக்கியமான காரியம். தாழ்ந்த நாற்காலி ஒன்றில் அமர்ந்து எழுந்து பார்க்க வேண்டும். படியேறிப் பார்க்க வேண்டும். மின்விசிறியை முழு வேகத்தில் சுழலவிட்டு அதன் கீழே அமர வேண்டும். கல்லூரி அறைகளில் பெரும்பாலும் விசிறி விண்ணப்பதாரரின் தலைக்கு நேர் மேலேதான் இருக்கும், துப்பட்டாவும் முந்தானையும் அங்கேதான் பறக்கும். இரு தோளிலும் ஊக்குக் குத்திவிட்டால் அந்தக் கவலை தீர்ந்தது. கோப்பை நீட்டும்போது கை உயர்கிறதா, ரவிக்கை பிடிக்கிறதா என்பதையும் கவனிக்க. செருப்பு புதியதாக இருக்கலாகாது. காரியவட்டம் தம்பானூரிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர். பஸ்ஸிலிருந்து இறங்கியும் சிறிது தூரம் நடக்க வேண்டும். காலைக் கடிக்கும் செருப்பு முகத்தில் தெரியும்.

அணிகலனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மேசைமேல் கை வைத்தால் ஒலிக்கும் வளையல்களை அன்று ஒருநாள் கழற்றி வைக்கலாம். மல்லிகைப் பூச் சூடுவது நம் ஊரில் இயல்பு. மலையாள நாட்டார் கண்ணுக்கு அது விழாக்கோலமாகத் தோன்றக் கூடும். என்றாலும் சிறு சரமாகச் சூடிச் செல்வதில் குற்றம் என்ன என்று கேட்போர் பக்கமே நாம் நிற்போம். பொட்டு, திருநீறு, தாலி, முக்காடு, சிலுவை முதலிய சமயச் சின்னங்கள் அவரவர் உரிமை. இவற்றைக் கண்டு மதிப்பெண் குறைப்பவர் இருக்கமாட்டார் என்று நம்மால் உறுதி கூற இயலாது. ஆனால் அவருக்கு அஞ்சி அடையாளத்தைக் கழற்றி வைத்துவிட்டுச் சேர்ந்தவள் இரண்டு ஆண்டும் அதைக் கழற்றியே வைக்க வேண்டியிருக்கும் என்பதை எண்ணிப் பார்த்து முடிவு செய்க.

ஒரே ஒரு நல்ல உடை உள்ள பெண்ணின் நிலை வேறு. அவளுக்கு இவ்வளவு யோசனையும் ஆடம்பரமாகவே தோன்றும். துவைத்து, இஸ்திரி போட்டு, அறுந்த கொக்கியைத் தைத்து, அந்த ஒன்றையே உடுத்திச் செல்வதில் குறைவு எதுவும் இல்லை. இரவல் உடை வேண்டியிருந்தால் அளவு பார்த்து வாங்குக. தொளதொளத்த இரவல் பட்டைவிடப் பொருத்தமான பழைய பருத்தி எத்தனையோ மேல். கடன்பட்டு உடை வாங்குவது மட்டும் வேண்டவே வேண்டாம்; அந்தப் பணம் சேர்க்கைக் கட்டணத்தின் முதல் தவணைக்கு உதவும்.

தேர்வுக்குழுவில் அமர்வோரும் இந்தப் பக்கங்களைப் படிக்கக் கூடும். அவர்களிடம் நமக்கு இரண்டு விண்ணப்பங்கள் உண்டு. எல்லாரிடமும் ஒரே வரிசையில் ஒரே வினாக்களைக் கேட்டு, ஒவ்வொரு விடைக்கும் அங்கேயே மதிப்பெண்ணைக் குறித்துவிடுங்கள். 'தோற்றம்', 'ஆளுமை' என்னும் கட்டங்கள் படிவத்தில் இருந்தால் அவற்றை எடுத்துவிடுங்கள். அடுத்து, அழைப்புக் கடிதத்தில், 'தூய்மையான அன்றாட உடை போதும்' என்று ஒரு வரி சேருங்கள். ஆணுக்கு இந்த வரி தேவைப்படுவதில்லை. சட்டையும் கால்சட்டையும் என்று அவன் வீட்டில் வாதம் இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். பெண் வீட்டில் போகும் ஒரு நாளை இந்த ஒரு வரி மீட்டுத் தரும்.

இணையவழி நேர்முகமும் இப்போது பெருகியிருக்கிறது. அதில் இடுப்புக்கு மேலே தெரிந்தால் போதும் என்று எண்ணிப் பாதி உடையில் அமர்வோர் உண்டு. சான்றிதழை எடுத்து வரச் சொன்னால் எழுந்திருக்க வேண்டி வரும் என்பதை மறக்க வேண்டாம். நெருக்கமான கோடும் கட்டமும் உள்ள துணி ஒளிப்பதிவில் அலையலையாய் நடுங்கும். ஒரே நிறத் துணி நல்லது. சன்னலை முதுகுக்குப் பின்னே வைத்து அமர்ந்தால் முகம் இருண்டு, உடையைப் பற்றிய கவலையே தேவையில்லாமற் போய்விடும்.

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து காலை ரயிலில் வருவோருக்கு ஒரு வார்த்தை. நெரிசலில் நேர்முக உடையோடு நின்று வரவேண்டாம். அதை மடித்து, மேலே பிளாஸ்டிக் உறை இட்டு, சான்றிதழ்க் கோப்போடு ஒரே பையில் வைத்துக்கொண்டு, பழைய உடையில் பயணம் செய்க. திருவனந்தபுரம் சென்ட்ரல் நிலையத்தில் பெண்களுக்குத் தனிக் காத்திருப்பு அறை உண்டு. அங்கே முகம் கழுவி, உடை மாற்றி, தலை வாரிக்கொள்ள அரைமணி நேரம் போதும். பையில் ஒரு குடை, நாலைந்து ஊக்கு, ஊசி நூல், ஒரு கைக்குட்டை இருக்கட்டும். மழை பெய்தால் பஸ் தாமதமாகும். ஆகவே பத்து மணி நேர்முகத்துக்கு எட்டரைக்கெல்லாம் தம்பானூரை விட்டுப் புறப்பட்டுவிட வேண்டும்.